எட்டடிச் சக்கரம், ஏழடிப் பாதை: கேள்வி பதில்

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் ஏழடி அகலப் பாதையில் ஓட்டிய எக்ஸ்பிரஸ் நீராவி எஞ்சின்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "இவை நம் ஊரிலும் ஓடினவா?" என்று கேட்ட அத்தனை பேருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை.

கேள்வி: நம் ஊரில் இப்போது ஓடுவதும் அகலப் பாதைதானே? அப்புறம் என்ன இங்கிலாந்துக்கு மட்டும் தனிப் பெருமை?

நம்முடையது 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர். இங்கே பேசுவது 7 அடி கால் அங்குலம், 2,140 மில்லிமீட்டர். உலகின் பெரும்பகுதி இன்று பயன்படுத்தும் 4 அடி எட்டரை அங்குலப் பாதையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கிரேட் வெஸ்டர்னின் தலைமைப் பொறியாளர் புருனெல் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தார். லண்டன் பாடிங்டனிலிருந்து மெய்டன்ஹெட் வரை 1838 ஜூன் 4ஆம் தேதி ஓட்டம் தொடங்கியது. பிரிஸ்டல் வரை முழுப் பாதையும் 1841 ஜூன் 30 அன்று திறந்தது.

நம்முடைய அளவுக்கும் இங்கிலாந்தில் நடந்த சண்டைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே ஏழடியா, 4 அடி எட்டரை அங்குலமா என்ற பாதை அகலத் தகராறு உச்சத்தில் இருந்தபோது வர்த்தக வாரியத்தில் ரயில்வே விவகாரங்களைக் கவனித்தவர் டல்ஹௌசி பிரபு. ஒரே நாட்டில் இரண்டு அகலம் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் 1848இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். இங்கே ஒரே அகலம்தான் வேண்டும், அது ஆறடியாக இருக்கட்டும் என்றார். கடைசியில் ஐந்தரை அடியில் முடிந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய ரயில் அந்த அகலத்தில் ஓடியதுதான். பிற்பாடு செலவுக்குப் பயந்து மீட்டர் கேஜைக் கொண்டுவந்து அதே வம்பை விலைக்கு வாங்கியது வேறு கதை.

கேள்வி: படங்களில் நடுச்சக்கரம் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று செய்ததா, காரணம் உண்டா?

காரணம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

எட்டடி விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 25 அடி நகரும். ஒரு மைலுக்கு 210 சுற்று. மணிக்கு 60 மைல் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல், ஆகவே நிமிடத்துக்கு 210 சுற்று. அதே வேகத்தில் ஐந்தடிச் சக்கரம் நிமிடத்துக்கு 336 முறை சுற்ற வேண்டும். நீராவி எஞ்சினில் பல்சக்கரம், கியர் எதுவும் கிடையாது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் ஒரு முறை போய் வர வேண்டும். அன்றைய இரும்பு, அன்றைய எண்ணெய், அன்றைய வார்ப்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு பிஸ்டனை அத்தனை வேகமாக அடிக்கவிட யாருக்கும் துணிச்சல் இல்லை. சக்கரத்தைப் பெரிதாக்கினால் பிஸ்டன் நிதானமாகப் போகும். அவ்வளவுதான் சூத்திரம்.

ஒரே ஜோடி இயக்கு சக்கரம் போதும் என்று விட்டதற்கும் காரணம் இதுபோலத்தான். இரண்டு ஜோடிகளை இணைக்கும் தண்டு வேகத்தில் முறியும் என்ற பயம் இருந்தது. பாடிங்டனிலிருந்து ஸ்விண்டன் வரை பாதை மேசைபோல் சமமாக இருந்ததால், ஒரு ஜோடிச் சக்கரத்தின் பிடிமானமே அங்கே போதுமானதாக இருந்தது.

கேள்வி: புருனெல் மேதை என்கிறார்கள். ஆனால் அவர் வாங்கிய முதல் எஞ்சின்கள் எல்லாம் தண்டம் என்றும் படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. பாலம், சுரங்கம், பாதை என்று வந்தால் அவர் மேதை. எஞ்சின் விஷயத்தில் அவர் கையெழுத்திட்ட நிபந்தனைகளைப் படித்தால் சிரிப்பு வருகிறது. மணிக்கு 30 மைல் வேகத்தில் பிஸ்டன் நிமிடத்துக்கு 280 அடிக்கு மேல் நகரக் கூடாது, எடை பத்தரை டன்னைத் தாண்டக் கூடாது என்று எழுதினார். தயாரிப்பாளர்கள் என்ன செய்வார்கள்? சக்கரத்தைப் பெரிதாக்கிக் கொதிகலனைச் சுருக்கினார்கள். ஹரிக்கேன் என்ற எஞ்சினுக்குப் பத்தடிச் சக்கரம். எடைக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சின் ஒரு வண்டியில், கொதிகலன் இன்னொரு வண்டியில். கொதிகலனின் எடை சக்கரத்தின் மேல் விழாததால் பிடிமானம் இல்லை, இடையில் நீராவிக் குழாயின் மூட்டு வேறு. அது எத்தனை நாள் தாங்கும்?

இந்தக் கூத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர் டேனியல் கூச். 1837 ஆகஸ்டில் எஞ்சின் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு 21 வயதுகூட நிரம்பவில்லை. இரவெல்லாம் ஷெட்டில் கிடந்து மறுநாள் ஓட்டத்துக்கு எஞ்சின்களைத் தேற்ற வேண்டியிருந்தது. நம்பி அனுப்ப முடிந்தது ஸ்டீபன்சன் தொழிற்சாலையின் நார்த் ஸ்டார் போன்ற சிலவற்றைத்தான். நார்த் ஸ்டார் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்காக ஐந்தரை அடிப் பாதைக்குச் செய்யப்பட்டது. அங்கே போகாமல் நின்றுபோனதை ஏழடிக்கு மாற்றி, தேம்ஸ் நதியில் படகில் ஏற்றி மெய்டன்ஹெட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பிறகு கூச் தானே வரைந்தார். 1840 முதல் 1842 வரை ஃபயர் ஃபிளை வகையில் 62 எஞ்சின்கள், ஏழடிச் சக்கரத்துடன். ஏழு வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்தன. அச்சிட்ட வரைபடங்களோடு, மெல்லிய இரும்புத் தகட்டில் வெட்டிய அச்சளவுகளையும் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைத்தார். ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக. வேகத்தைவிட இதற்காகத்தான் நான் அவரைக் கும்பிடுவேன். விக்டோரியா மகாராணி முதல் முறையாக ரயிலேறிய 1842 ஜூன் 13 அன்று, ஸ்லோவிலிருந்து பாடிங்டனுக்கு இழுத்ததும் இந்த வகை எஞ்சின் ஒன்றுதான். பெயர் ஃப்ளெகெதான். ஓட்டியவர் கூச், பக்கத்தில் நின்றவர் புருனெல்.

கேள்வி: மிகச் சிறந்த எஞ்சின் எது? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

அயர்ன் டியூக் வகை. ஒன்று கேட்டீர்கள், 29 கொடுக்கிறேன்.

அதன் முன்னோடியிலிருந்து தொடங்க வேண்டும். 1846இல் ஸ்விண்டன் தொழிற்சாலையில் 13 வாரத்தில் கிரேட் வெஸ்டர்ன் என்ற பெயரிலேயே ஓர் எஞ்சினைச் செய்து முடித்தார்கள். எட்டடிச் சக்கரம். ஜூன் மாதம் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டனுக்கு 77 மைலை 78 நிமிடத்தில் கடந்தது. ஆனால் முன்பக்கம் கனம் அதிகம். ஷ்ரிவன்ஹாமில் முன் அச்சு முறிந்தது. எஞ்சினின் அடிச்சட்டத்தை நீட்டி, முன்னால் இன்னொரு ஜோடிச் சக்கரம் சேர்த்தார்கள்.

அந்தத் திருத்தத்தோடு 1847இல் வந்ததுதான் அயர்ன் டியூக். வெலிங்டன் பிரபுவின் பட்டப்பெயர் அது. 18 அங்குல சிலிண்டர், 24 அங்குல வீச்சு (பிஸ்டன் ஒரு பக்கமாக நகரும் தூரம்), எடை சுமார் 35 டன். அடிச்சட்டம் முழு இரும்பு அல்ல, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மரப்பலகை வைத்து இறுக்கியது. அதிர்ச்சியை மரம் வாங்கிக்கொள்ளும். கொதிகலனுக்கு மேலே கும்பம்போல் நிற்கும் டோம் கிடையாது. உள்ளே நெடுக ஓடும் துளையிட்ட குழாய் வழியாக நீராவியை எடுத்தார்கள். அதனால்தான் பக்கவாட்டில் பார்த்தால் அந்தச் சக்கரம் மட்டும் கண்ணில் அறைகிறது.

புருனெல் பிஸ்டனுக்கு விதித்த 280 அடி வரம்பு நினைவிருக்கிறதா? இந்த எஞ்சின் 60 மைல் வேகத்தில் ஓடும்போது பிஸ்டன் நிமிடத்துக்கு 840 அடி போகிறது. சரியாக மூன்று மடங்கு. பத்துப் பதினோரு வருடத்தில் வரம்பு காற்றில் பறந்துவிட்டது.

கேள்வி: 80 மைல் வேகம் என்பதெல்லாம் உண்மையா, கம்பெனிப் பெருமையா?

1848இல் கிரேட் பிரிட்டன் என்ற அயர்ன் டியூக் வகை எஞ்சின், வூட்டன் பாசெட் இறக்கத்தில் 78 மைலைத் தொட்டதாகப் பதிவு உண்டு. அதே ஆண்டு மே 11ஆம் தேதி பாடிங்டனிலிருந்து டிட்காட் வரை 53 மைலை நாற்பத்தேழரை நிமிடத்தில் ஓடியது. சராசரியே 67 மைல். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் கால அட்டவணையிலேயே அந்தத் தூரத்துக்கு 55 நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். தினசரி ரயிலே அப்படி ஓடியது என்றால் ஒரு நாள் சிறப்பாக ஓடியதை நம்பலாம்.

80ஐத் தாண்டியது வேறு கம்பெனியின் எஞ்சின். பிரிஸ்டல் அண்ட் எக்ஸிடர் ரயில்வேக்காக ஜேம்ஸ் பியர்சன் வரைந்த, தண்ணீரைத் தன்மேலேயே சுமக்கும் டேங்க் எஞ்சின்கள், மொத்தம் எட்டு. ஒன்பதடிச் சக்கரம்! தண்டவாளத்தை விட்டு நழுவாமல் தடுக்கும் விளிம்பே அதற்குக் கிடையாது. முன்னும் பின்னும் இருந்த நான்கு நான்கு சிறு சக்கரங்கள்தான் வழிகாட்டின. வெலிங்டன் இறக்கத்தில் 1854இல் சுமார் 82 மைல். 1876 ஜூலையில் இவற்றில் ஒன்று, ஃபிளையிங் டச்மேன் எக்ஸ்பிரஸை இழுத்துக்கொண்டு வந்தபோது லாங் ஆஷ்டனில் தடம் புரண்டது. ஓட்டுநரும் ஃபயர்மேனும் இறந்தார்கள். விசாரணை பாதையின் நிலையைக் குறை சொன்னது. அந்தக் கம்பெனியை அதற்குள் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்த கிரேட் வெஸ்டர்ன் எஞ்சினையும் மாற்றியமைத்துவிட்டது.

கேள்வி: ஃபிளையிங் டச்மேன் என்பது அந்தப் பேய்க் கப்பலின் பெயரா?

பந்தயக் குதிரையின் பெயர். 1849இல் டெர்பியை ஜெயித்த குதிரை.

கேள்வி: ஐயா, நான் ரயில்வேயில் டீசல் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் 60 மைல் வேகத்தில் போனவர்கள் எதை நம்பி பிரேக் போட்டார்கள்?

பெரியவரே, இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை. ஓட்டியவருக்குத்தான் நிறுத்துவதைப் பற்றிக் கவலை வரும்.

எஞ்சினில் பிரேக்கே கிடையாது. எரிபொருளும் தண்ணீரும் சுமந்து எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டரில் கையால் திருகும் பிரேக், மரக்கட்டைகள் சக்கரத்தை அழுத்தும். அதைத் திருகுவது ஃபயர்மேனின் வேலை. பின்னால் கார்டு தன் வண்டியில் இன்னொன்றைத் திருகுவார். அவசரம் என்றால் எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பி நீராவியைத் திறப்பதுதான் மிச்ச வழி.

தலைக்கு மேலே கூரையும் இல்லை. அயர்ன் டியூக் எஞ்சின்களில் ஓட்டுநர் நின்றது திறந்த மேடையில். ஜனவரி மாத மழையில், 60 மைல் காற்றில், முகத்துக்கு நேரே எதுவும் இல்லாமல். அவருக்காவது காலடியில் நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸின் சூடு கிடைத்தது. டெண்டரின் பின்பக்கம் ஒரு சிறு இரும்புக் கூடு இருந்தது. அதில் ஒரு போர்ட்டர், எஞ்சினுக்கு முதுகைக் காட்டியபடி, ரயிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து வர வேண்டும். பெட்டி ஏதாவது கழன்றதா, தீப்பிடித்ததா, கார்டு கைகாட்டுகிறாரா என்று பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. கரிப்புகையும் தூசும் நேராக அவர் மேல்தான். அந்த இருக்கைக்குச் சவப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். 1871 முதல் வந்த ரோவர் வகையில்தான் ஓட்டுநருக்கு ஒரு குட்டைக் கூரை கிடைத்தது.

கேள்வி: இவ்வளவு சிறந்தது என்றால் அகலப் பாதை ஏன் தோற்றது? 4 அடி எட்டரை அங்குலப் பாதையின் பக்கம் நின்ற ஸ்டீபன்சன் ஆட்களின் அரசியல்தானே?

அரசியலும் உண்டு. முதல் காரணம் நீளம். 1845இல் அரசு குழு அமைத்துச் சோதனை நடத்தியபோது, ஃபயர் ஃபிளை வகையைச் சேர்ந்த இக்சியான் 80 டன்னை இழுத்துக்கொண்டு சுமார் 60 மைலைத் தொட்டது. 4 அடி எட்டரை அங்குலக் குறும்பாதையின் எஞ்சின்களால் அதை எட்ட முடியவில்லை. அவற்றில் ஒன்று கவிழ்ந்தே விட்டது. குழுவில் ஜார்ஜ் ஏரி என்ற வானியல் அறிஞர் இருந்தார், கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. அகலப் பாதைதான் வேகத்தில் மேல் என்று எழுதிவிட்டு, குறும்பாதையைப் பரிந்துரைத்தார்கள். அன்று அகலப் பாதை சுமார் 270 மைல், மற்றது சுமார் 1,900 மைல். எதைப் பிடுங்குவது என்பதற்கு வானியல் தேவையில்லை. 1846இல் சட்டம் வந்தது.

நாடகமும் நடந்தது. இரண்டு அகலங்களும் சந்தித்த குளோஸ்டரில் சரக்கை எல்லாம் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். நாடாளுமன்றக் குழு பார்வையிட வந்த அன்று, அங்கிருந்த குறும்பாதைத் தரப்பு சரக்கு அலுவலர் ஏற்கனவே வேலை முடிந்த இரண்டு ரயில்களை மறுபடி இறக்கச் சொன்னார். கூச்சல், தள்ளுமுள்ளு, உடைசல் எல்லாம் ஏற்பாடாயின. வந்தவர்கள் அரண்டுபோனார்கள்.

ஆனால் என் கருத்து இது: 1846க்குப் பிறகு அகலப் பாதையைத் தோற்கடித்தது எதிரிகள் அல்ல, கிரேட் வெஸ்டர்னேதான். 1840களின் பிற்பகுதியில் பாடிங்டனிலிருந்து எக்ஸிடருக்கு 194 மைலைச் சுமார் நாலரை மணி நேரத்தில் ஓடினார்கள். 1871இல் நாலேகால் மணி. கால் நூற்றாண்டில் கால் மணி நேரம்! 1866 நிதி நெருக்கடியில் கம்பெனி கிட்டத்தட்ட மூழ்கியது, உண்மை. அதைத் தூக்கி நிறுத்தியவர் அப்போது தலைவராகியிருந்த அதே கூச். அவர் காசை எண்ணியபோது வேகம் கணக்கில் வரவில்லை. அயர்ன் டியூக் தேய்ந்ததும், அதே அளவில், கொதிகலன் அழுத்தத்தை மட்டும் கூட்டி ரோவர் வகையைச் செய்தார்கள். 1888 வரை செய்துகொண்டே இருந்தார்கள்.

அதற்குள் குறும்பாதைக்காரர்கள் எங்கே போய்விட்டார்கள் என்று பாருங்கள். 1870இல் கிரேட் நார்தர்ன் கம்பெனியில் பேட்ரிக் ஸ்டர்லிங் எட்டடிச் சக்கர எஞ்சினை 4 அடி எட்டரை அங்குலப் பாதையிலேயே ஓட்டினார். பெரிய சக்கரத்துக்கு அகலப் பாதை கட்டாயம் இல்லை என்பது அதோடு தீர்ந்தது. அகலம் கூச்சுக்குக் கொடுத்தது, சக்கரங்களுக்கு நடுவே பெரிய ஃபயர்பாக்ஸும் பெரிய கொதிகலனும் வைக்க இடம். அந்த இடத்தை 1847இல் நிரப்பியவர்கள் அதன் பிறகு நிரப்பவே முயலவில்லை.

கேள்வி: ஏழடிப் பாதையை இரண்டே நாளில் குறும்பாதையாக மாற்றினார்களாமே. நம் ஊரில் மீட்டர் கேஜை மாற்ற வருடக்கணக்கில் ரயிலை நிறுத்திவைத்தார்கள். அவர்களால் மட்டும் எப்படி முடிந்தது?

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் ஒப்பிடுவது நியாயம் இல்லை. நாம் குறுகலை அகலமாக்கினோம். கரை, பாலம், பிளாட்பாரம் எல்லாவற்றையும் தொட வேண்டும். அவர்கள் அகலத்தைக் குறுக்கினார்கள், எல்லாவற்றுக்கும் இடம் ஏற்கனவே இருந்தது.

இன்னொரு வசதி, புருனெல் போட்ட பாதையின் அமைப்பு. தண்டவாளத்துக்குக் கீழே குறுக்குக் கட்டைகள் நெருக்கமாக இல்லை. தண்டவாளம் நெடுகிலும் அதன் அடியிலேயே நீளமான மரம். இரண்டு நீள மரங்களையும் சில அடிகளுக்கு ஒரு குறுக்குச் சட்டம் பிணைத்திருக்கும். ஆகவே அந்தச் சட்டத்தை அளந்து அறுத்துவிட்டு, ஒரு பக்கத்து மரத்தைத் தண்டவாளத்தோடு சேர்த்து உள்ளே நகர்த்தினால் போதும். முன்கூட்டியே வாரக்கணக்கில் அளந்து, சல்லியை ஒதுக்கி, சில சட்டங்களை அறுத்தே வைத்துவிட்டார்கள். பாடிங்டன் பக்கம் 1861 முதலே இரண்டு அகலத்துக்குமான மூன்றாவது தண்டவாளம் கிடந்தது. மிச்சம் எக்ஸிடருக்கு மேற்கே 171 மைல்.

1892 மே 20, வெள்ளிக்கிழமை, காலை 10.15க்குக் கார்னிஷ்மேன் எக்ஸ்பிரஸ் கடைசி முறையாக அகலப் பாதையில் பாடிங்டனைவிட்டுக் கிளம்பியது. இழுத்தது ரோவர் வகையின் கிரேட் வெஸ்டர்ன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கேங்மேன்கள் வேலை செய்தார்கள். சரக்குக் கொட்டகைகளில் படுக்கை, குடிக்க ஓட்ஸ் கஞ்சித் தண்ணீர். திங்கட்கிழமை புதிய அகலத்தில் ரயில் ஓடியது. காலி எஞ்சின்களையும் பெட்டிகளையும் நிறுத்த ஸ்விண்டனில் மைல்கணக்கில் தனித் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அறுத்துத் தள்ள மாதக்கணக்கில் ஆயிற்று.

எல்லாம் பழைய இரும்புக்குப் போகவில்லை. அப்போது எஞ்சின் பிரிவுக்குத் தலைவராக இருந்த வில்லியம் டீன் 1891இல் மாற்றத்தை மனத்தில் வைத்து எட்டு எஞ்சின்களைச் செய்தார். சக்கரத்தை உள்ளே தள்ளினால் குறும்பாதைக்கு ஆகிவிடும். அவற்றில் ஒன்றான விக்மோர் காசில் 1893 செப்டம்பரில் பாக்ஸ் சுரங்கத்துக்குள் முன் அச்சு முறிந்து தடம் புரண்டது. முன்பக்கம் கனம் அதிகம்! 47 வருடத்துக்கு முன்னால் ஷ்ரிவன்ஹாமில் படித்த பாடம். ஒரே தொழிற்சாலை.

கேள்வி: அண்ணா, ஸ்விண்டனில் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்களாமே?

பத்து நிமிடம். சாப்பாட்டுக் கடையை 99 வருடக் குத்தகைக்கு விட்டு, எல்லா ரயிலும் நிற்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எக்ஸ்பிரஸும் தப்பவில்லை. அந்தக் கையெழுத்திலிருந்து விடுபட 1895இல் ஒரு லட்சம் பவுண்டு அழுதார்கள். காப்பி மகா மட்டம். காப்பி என்று ஒன்று உங்களிடம் இருப்பதே எனக்குத் தெரியாது என்ற பொருளில் புருனெலே கடைக்காரருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

கேள்வி: மகன் ரெடிங்கில் வேலை பார்க்கிறான். அடுத்த கோடையில் அங்கே போகிறோம். அசல் எஞ்சினைப் பார்க்க முடியுமா?

அசல் எக்ஸ்பிரஸ் எஞ்சின் ஒன்றுகூட இல்லை, அம்மா. நார்த் ஸ்டாரையும் லார்ட் ஆஃப் தி ஐல்ஸையும் ஸ்விண்டனில் பத்திரமாக வைத்திருந்தார்கள். இரண்டாவது, 1851 லண்டன் பெருங்கண்காட்சியிலும் 1893 சிகாகோ கண்காட்சியிலும் நின்ற எஞ்சின். இடம் அடைக்கிறது என்று 1906இல் இரண்டையும் உடைத்தார்கள். உத்தரவிட்டவர் அன்றைய எஞ்சின் பிரிவுத் தலைவர் சர்ச்வார்ட், எஞ்சின் வடிவமைப்பில் கூச்சுக்குச் சளைத்தவர் அல்ல. அதற்காக மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. லார்ட் ஆஃப் தி ஐல்ஸின் எட்டடிச் சக்கரங்கள் மட்டும் தப்பின. நார்த் ஸ்டாரை 1925இல் கிடைத்த உறுப்புகளை வைத்து மறுபடி செய்தார்கள், அது ஸ்விண்டன் ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அசலாக மிஞ்சிய ஒரே அகலப் பாதை எஞ்சின் டைனி. 1868இல் செய்த சின்னஞ்சிறு ஷண்டிங் எஞ்சின், டெவனில் பக்ஃபாஸ்ட்லியில் இருக்கிறது.

ரெடிங்கிலிருந்து டிட்காட் பக்கம்தான், அதே புருனெல் பாதையில் போவீர்கள். டிட்காட் ரயில்வே மையத்துக்கு ஸ்டேஷன் வழியாகவே போய்விடலாம். அங்கே 2005இல் முடித்த ஃபயர் ஃபிளை நகல் இருக்கிறது, ஏழடிப் பாதையும் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறார்கள். எஞ்சினை எந்த நாளில் வெளியே எடுக்கிறார்கள் என்று முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள். போனதும் எஞ்சினுக்கு முன் தண்டவாளத்தைப் பாருங்கள். இரண்டு அகலமும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தால் மேலே நான் எழுதிய பாதி உங்களுக்குத் தேவைப்படாது.